எலுமிச்சைத் தூள்

படிக்கட்டைப் பெருக்கும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று நினைப்பீர்கள். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு பெர்லினிலிருந்து ஒரு இளைஞர் குடிவந்தார். முதல் தடவை அவருடைய முறை வந்தபோது கீழிருந்து ஆரம்பித்து மேலே பெருக்கிக்கொண்டு போனார். முதல் மாடியில் இருந்த லோரே ஷ்வெங்க் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, குப்பையை மேல கொண்டுபோய் எங்க வைக்கப்போறீங்க, கூரையிலயா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் குனிந்தபடியேதான் போகும்.

லோரே ஷ்வெங்க் இறந்துபோன விஷயம் எனக்குப் படிக்கட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன். அது அவருடைய வாரம். பெருக்குகிற முறை யாருடையது என்று காட்டும் மரப்பலகை அவர் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை நன்றாக விடிந்து, தேவாலயத்து மணியும் அடித்து ஓய்ந்த பிறகும், முந்தின நாள் காற்றில் வந்த மேப்பிள் இலைகள் படியில் அப்படியே கிடந்தன. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். மேலே விளக்க வேண்டியதில்லை. என்னிடம் அவருடைய மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. மணியடித்துவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, திறந்துகொண்டு உள்ளே போனேன்.

வந்த மருத்துவர் நல்ல மனிதர். வயதானவர், சர்க்கரை நோய், கூடவே காய்ச்சல், இதயம் தாங்கவில்லை என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார்.

எனக்குத் தெரிந்தது வேறு. பொறியாளர் யூடித் போலீசுக்குப் புகார் எழுதியதால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று சொன்னீர்கள். நான் எதுவும் பேசாமலிருக்கவும் எனக்கு உரிமை உண்டு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். நன்றி. பேசாமலிருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் காப்புரிமை வழக்கறிஞன். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது அவருடையதுதான் என்று மியூனிக் காப்புரிமை அலுவலகத்தை ஒப்புக்கொள்ள வைப்பது என் வேலை. நம் ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. இங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது ஒருவர் நிலவறையில் உட்கார்ந்து எதையாவது குடைந்துகொண்டிருப்பார். சொட்டாத பூவாளி, ஒரு கையால் திறக்கிற ஜாம் பாட்டில், பனியில் சறுக்காத ஷூ அடி, எல்லாம் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. விளிம்பில் மெல்லிய ரப்பர் வைத்த குப்பை முறம் ஒன்றும் உண்டு. அந்த ரப்பர் தரையோடு ஒட்டிக்கொள்ளும், தூசி அடியில் நழுவாது. அதற்குக் காப்புரிமை கிடைத்த அன்று ஒன்றை லோரே ஷ்வெங்கிற்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"முறத்துக்கு உதடு வச்சதுக்கா இவ்வளவு படிப்பு படிச்சீங்க, வக்கீலய்யா?" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார். உபயோகிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் பிடித்திருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி எல்லா விதிக்கும் முன்னால் வருகிறது. விண்ணப்பம் தாக்கலாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இரகசியம் காக்கக் கடமைப்படாத ஒரே ஒரு ஆளிடம், கறிக்கடைக்காரரிடமோ மாமியாரிடமோ, சொல்லிவிட்டாலும் போதும். சட்டத்தின் கண்ணில் அது உலகத்துக்கே சொன்னதாகிவிடும். பிறகு அது புதிதில்லை. புதிதில்லை என்றால் காப்புரிமை இல்லை. சில நாடுகளில் கொஞ்சம் அவகாசம் தருவார்கள். நம்மிடம் அந்தச் சலுகை கிடையாது.

கெஹலே என்று ஒரு கட்சிக்காரர் எனக்கு இருந்தார். காற்றில் கழன்று விழாத துணிக்கிளிப் ஒன்றைச் செய்திருந்தார். பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அவ்வளவு அழகான வேலை. விண்ணப்பத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மனிதர் சந்தோஷம் தாங்காமல் வியாழக்கிழமை கூடும் வழக்கமான மதுக்கடை மேஜைக்கு அதைக் கொண்டுபோய், மேஜைத் துணியைக் கொடியில் மாட்டி, ஜன்னலைத் திறந்து காற்றில் காட்டியிருக்கிறார். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். பக்கத்து மேஜையில் ஒருவர் கைதட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து வழக்கு வந்தபோது அந்த ஆள் சாட்சி சொன்னார். காப்புரிமை ரத்தாகி, கெஹலேயின் பட்டறை மூடிப்போயிற்று. நீதிமன்றத்துக்கு வெளியே அவர் என்னிடம், "நீங்க என்கிட்ட அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். நான் சொல்லித்தான் இருந்தேன். அழுத்திச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எல்லாரிடமும் அழுத்தியே சொல்லிவருகிறேன். நேகலே என்கிற என்னைப் பற்றி வழக்கறிஞர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. நேகலேயிடம் கொடுத்த இரகசியத்தை நேகலேயாலேயே திரும்ப எடுக்க முடியாது என்பார்கள். இதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று சொல்லவே கூசுகிறது.

இனி சென்சார். மேல்கையில் ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டப் பில்லை. தோலுக்கடியில் மயிரிழை மாதிரி ஒன்று போயிருக்கும். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று சதா பார்த்து கைப்பேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கிருந்து அரைமணி தூரத்தில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனம் அதைச் செய்கிறது. அதன் முதல் காப்புரிமையை வாங்கித் தந்தவன் நான். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, இனி விரலில் குத்திப் பார்க்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம்.

லோரே ஷ்வெங்கிற்கு அதைப் பரிந்துரைத்தவனும் நான்தான். மளிகைப் பையோடு படியேறும்போது அவர் விரல் நுனிகளைப் பார்ப்பேன். பல வருஷம் குத்திக் குத்தி அவை தடித்துப்போயிருந்தன. தையல்காரி விரல் மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்வார். ஒரு நாள் அந்தப் பில்லையைப் பற்றிச் சொன்னேன். மருத்துவரிடம் கேட்டு ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கி, "உங்க கண்டுபிடிப்பு சொல்லுது, இன்னைக்கு நான் கேக் சாப்பிடலாமாம்" என்பார். அது என் கண்டுபிடிப்பு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். அவர் ஒவ்வொரு தடவையும் மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வார்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற பழைய ஊசியும் பட்டைகளும் சமையலறை இழுப்பறையில் கிடந்தன. தூக்கிப் போட மனசு வரவில்லை என்று வைத்திருந்தார். இந்த இழுப்பறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடித் அந்த நிறுவனத்தின் பொறியாளர். அக்டோபர் கடைசியில் என் அலுவலகத்துக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். சளிக்காய்ச்சலுக்கு வெந்நீரில் கலக்கிக் குடிப்போமே, எலுமிச்சைத் தூள், எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரணத் தூள். அதைக் குடித்தவர்களுக்குச் சில மணி நேரம் சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்றாள். சென்சார் மேலே பூசுகிற பூச்சுக்கும் அந்தத் தூளில் இருக்கிற ஏதோ ஒன்றுக்கும் ஒத்துப்போகவில்லை. இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது. அதைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை கீழே விழும். கீழே விழுந்தது சென்சாருக்குத் தெரியாது, அதனால் அபாய மணியும் அடிக்காது.

"ஆனா மாத்துப் பூச்சு கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். கெஹலேயின் கதையைச் சொன்னேன். அழுத்திச் சொன்னேன்.

"பூச்சைப் பத்தி நான் வாயே திறக்கல. தூளைக் குடிக்காதீங்கன்னு மட்டும் ஒரு அறிவிப்பு போட்டுடலாம்ல?"

"குறையைச் சொன்னாலே பாதி கண்டுபிடிப்பைச் சொன்ன மாதிரிதாம்மா. போட்டி நிறுவனத்துல உன்னை மாதிரியே ஒருத்தி உக்காந்திருப்பா. எங்க கோளாறுன்னு தெரிஞ்சா, எப்படிச் சரிபண்றதுன்னு ரெண்டு வாரத்துல அவளே கண்டுபிடிச்சிடுவா."

"அதுக்குள்ள யாருக்காவது காய்ச்சல் வந்தா?"

"காய்ச்சல் வருஷா வருஷம் வருது யூடித். இது ஒரு தடவைதான்."

இந்த வாக்கியத்தை அவள் உங்களுக்கு எழுதிய புகாரில் அப்படியே எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைப் படித்துக் காட்டவில்லை. மேஜையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தீர்கள். சொன்னபோது அதில் தப்பாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தின் முதலாளியும் நான் சொன்னதையே ஏற்றுக்கொண்டார். முதலில் விண்ணப்பம், பிறகு அறிவிப்பு. விண்ணப்பத்தை உடனே போட்டுவிடலாமே என்று யூடித் கேட்டாள். ஒரே ஒரு பூச்சுக்கு மட்டும் கேட்டால் குறுகிப்போகும், அதன் அண்ணன் தம்பிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதற்கு இன்னும் சில சோதனைகள் வேண்டும் என்றேன். தொழில்ரீதியாக அது சரி. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

நவம்பர் வந்தது. ஊரெல்லாம் இருமல். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது லோரே ஷ்வெங்க் வாசலில் நின்றிருந்தார். தோளில் சால்வை, கையில் அந்த முறம். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"காய்ச்சலோட படிக்கட்டுப் பெருக்கணுமா?" என்றேன்.

"பெருக்கல, பார்த்துட்டுத்தான் இருக்கேன். நாளைக்குப் பெருக்கிக்கலாம்." பிறகு மூக்கைச் சுளித்தார். "பகல்லயே ஷாம்பெய்னா? வக்கீலய்யா, யாருக்குப் பிறந்தநாள்?"

"அலுவலகத்துல ஒருத்தருக்கு."

"அப்ப கேக் எங்க? பிறந்தநாள்காரர் கேக் கொண்டுவரலயா? என்ன ஆளுங்கப்பா உங்க அலுவலகத்துல." சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. "மருந்துக்கடைப் பக்கம் திரும்பப் போவீங்களா? எலுமிச்சைத் தூள் தீர்ந்துபோச்சு."

போனேன். மருந்துக்கடைப் பெண் யாருக்கு என்று கேட்டாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு என்றேன். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்டாள். சர்க்கரை நோய் என்றேன். "அப்ப சர்க்கரை சேர்க்காத தூள் தரேன். அதுதான் அவங்களுக்குச் சரி" என்று அக்கறையாக எடுத்துக்கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். இதுவரைக்கும் நான் முதல் தடவை உங்களிடம் சொன்னதுதான். கொடுத்துவிட்டு மேலே போனேன் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. மேலே போனது கொஞ்சம் கழித்துத்தான்.

கடையில் நின்றபோதே எனக்குத் தெரியும். வெறும் காய்ச்சல் மாத்திரை வாங்கியிருக்கலாம். தூள் இல்லை, இதுதான் இருந்தது என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதில் எந்த இரகசியமும் வெளியாகியிருக்காது. அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லோரே ஷ்வெங்க் அப்படி விடுகிற ஆளில்லை. இந்த ஊரில் எலுமிச்சைத் தூள் இல்லாத மருந்துக்கடையா என்று கேட்பார். அவர் கேட்பாரே என்று தூளையே வாங்கினேன்.

அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததால் வெந்நீர் வைத்தவனும் நான்தான். உறையைக் கிழித்து, கோப்பையில் கொட்டி, கரண்டியால் கலக்கினேன். கட்டி தட்டாமல் கலக்கினேன். அதை எடுத்துக்கொண்டுபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தபோது அவர் ஒன்று சொன்னார்.

"இவ்வளவு வருஷம் ஒரே படிக்கட்டுல ஏறி இறங்கிட்டு, இன்னும் நீங்க வாங்கன்னு பேசிக்கிட்டிருக்கோமே. நான்தான் பெரியவ, நான்தான் முதல்ல சொல்லணும். இனிமே நீன்னே கூப்பிடலாம். என் பேர் லோரே."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் சிலர் பக்கத்து வீட்டில் நாற்பது வருஷம் வாழ்ந்து, இந்த ஒரு வார்த்தை கிடைக்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

"என் பேர் ஆல்பிரெக்ட்" என்றேன்.

"அது தெரியாதா, தபால்பெட்டியிலதான் எழுதியிருக்கே." கோப்பையைத் தூக்கினார். "இதுக்கு ஒயின் வேணும். உன் வாயில ஏற்கனவே ஷாம்பெய்ன் வாசம் இருக்கு, என் கையில எலுமிச்சைத் தண்ணி இருக்கு. இது போதும். எதையாவது எடு."

நான் அவர் மேஜையிலிருந்த தண்ணீர் தம்ளரை எடுத்தேன். கோப்பையும் தம்ளரும் மெல்ல மோதின. அவர் முழுவதையும் குடித்தார். எங்கள் நட்புக்காகக் குடித்தார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அப்படிப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

அதற்குப் பிறகாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவர் மகள் அனெட் ஹாம்பர்க்கில் புது வேலையில் சேர்ந்ததைப் பற்றிப் பேசினார். பெர்லின் பையன் இப்போது ஒழுங்காகப் பெருக்குகிறான், ஆனால் மூலைகளை விட்டுவிடுகிறான் என்றார். பேச்சு நடுவே கைப்பேசியில் சென்சாரின் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"இதைப் பாரேன். எங்கயோ ஏறிப்போச்சு. நான் மத்தியானத்துக்கப்புறம் சூப்புகூடக் குடிக்கலயே." என்னிடம் நீட்டினார். "உன் கண்டுபிடிப்பு சரியாத்தான் சொல்லுதா, ஆல்பிரெக்ட்?"

லோரேக்குத் தூள் வாங்கிக் கொடுத்ததைப் பிறகு யூடித்திடம் சொன்னேன்; அவர் இப்படிக் கேட்டதை அவளிடம்கூட நான் சொல்லவில்லை.

இழுப்பறை சமையலறையில், நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பழைய பழக்கத்துக்கு விரலில் ஒரு தடவை குத்திப் பார் என்று சொன்னால் போதும். அதில் பூச்சும் இல்லை, தூளும் இல்லை. உலகத்தின் எந்த நீதிமன்றமும் அதை இரகசியம் வெளியானதாகக் கொள்ளாது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். அப்போதும் அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

"காய்ச்சல் வந்தா சர்க்கரை ஏறும்னு டாக்டர் சொல்வாரே" என்றேன்.

அது உண்மையான வாக்கியம். நான் பொய் சொல்வதில்லை.

"அதுவும் சரிதான்" என்றார் லோரே. இன்சுலின் பேனாவை எடுத்தார். எண் சரியாகத் தெரியாததால் மூக்குக்கண்ணாடியைக் கேட்டார். ஜன்னல் ஓரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் திருகியில் அளவு வைத்ததையும், சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். தூங்கும்முன் மறுபடி பார்த்து வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறேன் என்றார். நல்லா ஓய்வெடு என்றேன். வாசலில் மரப்பலகை கோணலாகத் தொங்கியது. நேராக்கிவிட்டு மேலே போனேன். நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். அனெட் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"கடைசியா அம்மாவைப் பார்த்தது நீங்கதானாமே. அம்மா என்ன பேசினாங்க?"

"இனிமே நீன்னு கூப்பிடச் சொன்னாங்க."

அவள் முகம் உடைந்துபோயிற்று. "அம்மாவா? அம்மா யாருக்கும் அதைக் கொடுத்ததில்லையே. கீழ்த்தெரு பாதிரியாருக்கே கொடுக்கல" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்ப எனக்கும் நீ ஆல்பிரெக்ட்தான். நீ பக்கத்துல இருந்தியே, அதுவே போதும்."

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கையால் கேக் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டைக் காலி செய்யும்போது, ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள் என்றாள். வேண்டாம் என்றேன். அவளே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ரப்பர் விளிம்பு வைத்த முறம். விளிம்பு தேய்ந்து நூலாகியிருந்தது. "அம்மா தினமும் இதைத்தான் உபயோகிச்சாங்க. வக்கீல் முறம்னு பேர் வச்சிருந்தாங்க. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாங்க, பாரு எவ்வளவு புத்திசாலித்தனம்னு. உங்கிட்ட சொன்னதே இல்லையா?"

இல்லை. என்னிடம் சொன்னதே இல்லை.

அதிலிருந்து எல்லா வாரமும் படிக்கட்டை நானே பெருக்குகிறேன். பலகை யார் கதவில் தொங்கினாலும் சரி. பெர்லின்காரர் முதலில் நன்றி சொன்னார், இப்போது கொஞ்சம் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். மூலைகளை விடுவதில்லை. முதல் மாடி வாசலுக்கு வரும்போது கொஞ்சம் மெதுவாகப் பெருக்குகிறேன். இதனால் எதுவும் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும், முடித்து முறத்தைத் தட்டும்போது, கொஞ்சம் ஈடானது மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்புக்காகவும் வெட்கப்படுகிறேன்.

நீங்கள் இப்போது கேட்பது நியாயமான கேள்வி. தொழிலில் கட்டுப்பட்டிருந்தேன் என்றால், குற்றம் என்னுடையது மட்டுமில்லை, நிறுவனத்தின் முடிவும் அதில் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, அரசு வழக்கறிஞர் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறீர்கள். இத்தனை நாளும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இரகசியம் காக்கக் கடமைப்பட்டவன், பாவம், சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன். யூடித்தும் அப்படித்தான் நம்புகிறாள். புகாரில்கூட என்னைவிட நிறுவனத்தைத்தான் அதிகம் திட்டியிருப்பாள். அவளுக்கு ஒரு விஷயம் இன்னும் உறைக்கவில்லை. லோரே இறந்தது சனிக்கிழமை என்றுதான் அவளுக்குத் தெரியும். தூளை எப்போது வாங்கினேன் என்று தெரியாது.

அந்த ஷாம்பெய்ன் யாருடைய பிறந்தநாளுக்கும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் பெரிய விண்ணப்பம் ஒன்று மியூனிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு பாட்டில் திறப்போம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், யூடித்தின் பூச்சு, அதன் அண்ணன் தம்பிகள் எல்லாவற்றோடும் தாக்கலாகிவிட்டது. பெற்றுக்கொண்டதற்கான செய்தியும் வந்துவிட்டது. யூடித் ஃபோனில் கூப்பிட்டு, "இப்ப எல்லார்கிட்டயும் சொல்லலாம்ல?" என்று கேட்டாள். திங்கட்கிழமை நிறுவனம் முறைப்படி அறிவிக்கட்டும் என்றேன். அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த மத்தியானத்திலிருந்து, ஊர் நடுவே மணிக்கூண்டில் ஏறி நின்று கத்தினாலும் காப்புரிமைக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

ஆகவே, சாயங்காலம் லோரேயின் வாசலில் நின்றபோதும், பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் என்னைத் தடுக்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. தூளைக் குடிக்காதே, அந்தப் பில்லையை நம்பாதே என்று சொல்லியிருந்தால், அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார். எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டிருப்பார். அக்டோபரிலிருந்து என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அப்போதுதான் எனக்கு 'நீ' என்று கொடுத்திருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.